மாட்டுங்கா தேன்கடை: ஆறு தேன்களும் ஆண்டு எழுதாத ஒரு பாட்டிலும்

மும்பையில், மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்குப் புறம் பூக்கடைகளைத் தாண்டினால், தேனை மட்டுமே விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. வாங்குவதற்கு முன் சுவைத்துப் பார்க்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்லும் வரிசையில்தான் சுவைக்க வேண்டும். வெளிறிய தேன் முதலில், கருந்தேன் கடைசியில், நடுவே ஒரு பிடி பொரியும் இரண்டு மடக்கு வெந்நீரும். இந்தக் கண்டிப்புக்காகவே இக்கடைக்கு மறுபடியும் போவேன்.

முதலில் வந்தது ராஜஸ்தான் கடுகுத் தேன். நெய்போல் உறைந்து வெளுத்திருந்ததைக் கண்டு, பக்கத்தில் நின்ற பெரியவர் சர்க்கரைப் பாகு என்று முகம் சுளித்தார். குளுக்கோஸ் மிகுந்த தேன் விரைவில் உறைவது அதன் இயல்பு. அதைக் கொண்டு கலப்படம் என்று முடிவு கட்ட முடியாது. ரொட்டியில் தடவ நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பீகார் லிச்சித் தேனில் மணம் உண்டு, ஆனால் சுவை நாவில் தங்கவில்லை. சுந்தரவனத் தேன் பாட்டிலைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்று வெளியேறி, மேலே நுரை கட்டியிருந்தது. அலையாத்திக் காட்டில் மலைத்தேனீக்கள் சேர்க்கும் தேனில் நீர் கூடுதலாக இருப்பது வழக்கமே. புளிக்கத் தொடங்கியதை விற்பனைக்கு வைத்திருந்தது கடையின் பிழை.

அடுத்து மார்த்தாண்டம் தேன். குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள்தாம் தேனீ வளர்ப்பின் முதுகெலும்பு. ஆயினும் அந்தத் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும் மாதங்களில், மூன்று சிற்றிலைகள் கூடுமிடத்தில், காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்க, தேனீக்கள் அதை எடுத்துச் செல்கின்றன. “பூவே பார்க்காத தேன் சார் இது” என்றார் நாகர்கோவில்காரரான கடைக்காரர். முறுக்கின்றி மெல்ல இனித்து, இறுதியில் லேசாகப் புளித்தது.

மகாபலேஷ்வர் நாவல் தேனுக்கு வந்தபோது பொரியை மறந்துவிட்டேன். ஐஸ் குச்சியின் நுனியில் அது முதல் டிகாக்ஷன் நிறத்தில் தயங்கித் தயங்கி இறங்கியது. நாவில் பட்டவுடன் இனிப்பு, அடுத்த நொடியில் கசப்பு, பின்பு கன்னத்தின் உட்புறத்தைப் பிடிக்கும் துவர்ப்பு. பள்ளிக்கூட வாசலில் உப்புத் தொட்டுத் தின்ற நாவல்பழமே நினைவுக்கு வந்தது. இனிப்பை மட்டும் தேடுபவர்களுக்கு இது பிடிக்காது. நான் இரண்டு பாட்டில் வாங்கினேன்.

கடைசியாக, எல்லாவற்றிலும் விலை கூடிய கார்வித் தேன். நம் குறிஞ்சிக்கு உறவான கார்வி, சஹ்யாத்ரி மலைகளில் பொதுவாக எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடிவது. எல்லா மலைகளிலும் ஒரே ஆண்டில் பூப்பதுமில்லை. ஆகவே அந்தத் தேனுக்கு மலையின் பெயரும் பூத்த ஆண்டும்தான் சாட்சி. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்; ‘நூறு சதவீதம் தூய்மையானது’ என்று மூன்று இடத்தில் அச்சிட்டிருந்தார்களே தவிர, இவ்விரண்டும் எங்கும் இல்லை. எந்த ஆண்டுத் தேன் என்று கேட்டேன். “அனுப்புறவங்க அதைச் சொல்லல சார்” என்றார், சற்றுத் தயங்கி. அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு, நாவல் தேனோடு மார்த்தாண்டம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு வந்தேன்.