ராத் ஐஆர்ஏ-வில் போடக் கூடாத பணம்: திரும்ப எடுப்பதா, டிரெடிஷனலுக்கு மாற்றுவதா?

அமெரிக்காவில் 2025-க்காக ராத் ஐஆர்ஏ-வில் (வரி கட்டிய பணத்தைப் போடும் ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கு) 7,000 டாலர் போட்டாயிற்று. பிறகு போனஸ் வந்து, மணமாகாதவரின் எம்ஏஜிஐ (ராத் தகுதியை அளக்கும் வருமானக் கணக்கு), உச்சவரம்பான 165,000 டாலரைத் தாண்டிவிட்டது. இனி அந்த 7,000 முழுவதும் அதிகப்படி. சரிசெய்யும் வரை ஆண்டுக்கு 6 சதவீத அபராதம், அதாவது 420 டாலர். வரிக்கணக்கை ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்தவருக்கு, 2026 அக்டோபர் 15 வரை அபராதமின்றிச் சரிசெய்ய அவகாசம் உண்டு.

திரும்ப எடுப்பதென்றால் லாபத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். கணக்கில் முன்பே 28,000 இருந்து, 7,000 சேர்ந்து 35,000 ஆகி, இன்று 38,500 என்றால், வளர்ச்சி பத்தில் ஒரு பங்கு. எடுக்க வேண்டியது 7,700. அந்த 700-க்கு 2025 வருமானத்தில் வரி உண்டு. முன்கூட்டி எடுப்பதற்கான 10 சதவீத அபராதத்தை இதற்கு செக்யூர் 2.0 சட்டம் நீக்கிவிட்டது. இணையதளத்தில் சாதாரணமாகப் பணம் எடுக்கும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்; அதிகப்படியைத் திருப்பும் படிவம் தனி. மாறினால் 1099-ஆர் (எடுத்த பணத்தை வரித்துறைக்குச் சொல்லும் படிவம்) தவறான குறியீட்டோடு வரும்.

நான் சாய்வது, போட்ட பணத்தை டிரெடிஷனலுக்கு மாற்றும் ரீகேரக்டரைசேஷன் பக்கம். 7,700-ம் டிரெடிஷனல் ஐஆர்ஏ-வுக்கு (எடுக்கும்போது வரி கட்டும் வகை) போகும். முதலிலேயே அங்கு போட்டதாகக் கணக்கு. வேலையிடத்தில் 401(கே) என்ற ஓய்வுக்கால சேமிப்புத் திட்டம் இருந்தால் இந்த வருமானத்தில் வரிக்கழிவு கிடைக்காது. 2025-க்கான 8606 படிவத்தில் 7,000-ஐ வரி கட்டிய பணமாகக் காட்டிவிட்டு, பிறகு ராத்துக்கு மாற்றலாம் (கன்வெர்ட்). வரி 700-க்கு மட்டும். அந்த ஆண்டில் போடக்கூடிய வரம்பு வீணாகாது.

ஆனால் எல்லாம் ஒரே கேள்வியில் நிற்கிறது: வேறு ஐஆர்ஏ-க்களில் வரி கட்டாத பணம் இருக்கிறதா? பழைய 401(கே)-யிலிருந்து மாற்றிய பணம் (ரோல்ஓவர்), வேலை வழியான செப், சிம்பிள் ஐஆர்ஏ-க்கள் எல்லாமே சேரும். வேறு நிறுவனத்தில் இருந்தாலும் தப்பாது. கன்வெர்ட் செய்த ஆண்டின் டிசம்பர் 31 இருப்பைத்தான் 8606 கேட்கிறது. அன்று அங்கே 69,300 இருந்தால், மாற்றிய 7,700-ஐயும் சேர்த்து 77,000; அதில் வரி கட்டிய 7,000-ன் பங்கு பதினொன்றில் ஒன்று. மாற்றிய 7,700-ல் 700-க்குத்தான் விலக்கு, 7,000-க்கு வரி! கன்வெர்ட்டை 2018 முதல் திரும்பப் பெறவும் முடியாது. இப்போதைய 401(கே) ஏற்குமானால், அந்தப் பழைய பணத்தை டிசம்பருக்குள் அங்கே தள்ளிவிடுங்கள். ஏற்காவிட்டால் திரும்ப எடுப்பதே மேல்.

வருமானத்தால் அல்லாமல் 7,000 வரம்பையே மீறிப் போட்டிருந்தால் இந்த மாற்றம் உதவாது. வரம்பு இரண்டு கணக்குக்கும் பொது. மாநில வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் அதைத் தனியே பாருங்கள்.

அக்டோபர் தாண்டிவிட்டால் அபராதத்துக்கான 5329 படிவத்தோடு 420 கட்டி, 7,000-ஐ மட்டும் எடுத்தால் போதும். லாபம் உள்ளேயே இருக்கலாம். அடுத்த ஆண்டு வருமானம் குறைந்து ராத்துக்குத் தகுதி வந்தால், எடுக்காமல் அந்த ஆண்டின் வரம்பில் கழித்துக்கொள்ளவும் வழியுண்டு.