லோங் பொயின்றில் ஏழு வருடம்: வாத்து வரும், வள்ளம் ஓடாது

போன சனிக்கிழமை வள்ளத்தின் எஞ்சினை மூன்றாவது தடவையாகத் திருத்தி எடுத்து வந்தேன். திருத்துகிறவர் பழைய இம்பெல்லரை ஒரு பையில் போட்டுத் தந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் சக்கரம். ஆறு இதழில் இரண்டைக் காணவில்லை, மிச்சம் நாலும் ஓரம் கருகி வளைந்து கிடந்தன. ஏரித் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைப்பது இதன் வேலை. உறிஞ்சுகிற வாயைச் சாதாளை, அதாவது தண்ணீருக்கடியில் வளரும் புல், அடைத்தால் தண்ணீர் ஏறாது, ரப்பர் எரிந்துபோகும். 310 டொலர். அன்று பின்னேரம் பார்த்து நண்பன் போன் எடுக்கிறான்: "மச்சான், உன்ர வீட்டுக்குக் கிட்ட ஒரு வீடு விலை குறைச்சுப் போட்டிருக்கினம். மீன்பிடி, பாய்வள்ளம், வாத்து வேட்டை, மூண்டுக்கும் சரிவருமோ?" அப்போது சொன்னது கோபத்தில் சொன்ன பதில். இது ஆறுதலாக எழுதுவது.

ஈரி ஏரியின் கனேடியக் கரையிலிருந்து தண்ணீருக்குள் 40 கிலோமீற்றர் அளவுக்கு நீண்டு கிடக்கும் மணல்திட்டுத்தான் லோங் பொயின்ற். ஸ்காபரோவிலிருந்து தெருவில் நெரிசல் இல்லாவிட்டால் இரண்டரை மணித்தியாலம். திட்டுக்கும் கரைக்கும் இடையில் உட்குடா. என் வீடு அந்தப் பக்கம். 2018 மே மாதம் பார்க்கப் போனபோது துறையடியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, அடிமணலில் சிப்பி தெரிந்தது. அந்த மாதமே கையெழுத்து வைத்தோம்.

ஜூலை நடுப்பகுதியில் விளங்கிவிட்டது. அந்தக் கண்ணாடித் தண்ணீருக்குக் காரணமே ஸீப்ரா மட்டிகள். எண்பதுகளின் கடைசியில் இந்த ஏரிகளுக்குள் வந்த சின்ன மட்டி, தண்ணீரை வடித்து வடித்துத் தெளிவாக்கிவிட்டது. வெயில் அடிமட்டும் போகிறது, சாதாளை மேல்மட்டும் எழும்புகிறது. குடாவின் பெரும்பகுதி ஆளாழத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஓகஸ்டில் என் துறையிலிருந்து பார்த்தால் புல்வெளி.

வலிஸ்நேரியா என்கிற சாதாளை இனம்தான் இங்கே அதிகம். விரல் அகல நாடா மாதிரி இலை. பெண்பூ மெல்லிய தண்டில் மேலே வந்து மிதக்கும், மகரந்தம் பட்டதும் அந்தத் தண்டு பேனா ஸ்பிரிங் போலச் சுருண்டு பூவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். புரொப்பெல்லரில் சுற்றிய சிக்கைக் கத்தியால் அறுத்தெடுக்கும்போது அந்தச் சுருள்கள் ஈரத்தோடு விரலில் ஒட்டும். அழகான செடி. ஆனால் ஓகஸ்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை அதை அறுக்க வேண்டியிருக்கிறது.

பாய்வள்ளத்துக்காகத்தான் நான் இந்த வீட்டை வாங்கினேன் என்பதை நண்பன் மறந்திருக்கலாம். முதல் வைத்திருந்தது அடியில் நிரந்தரக் கீல், அதாவது கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தூக்கமுடியாத அடிப்பலகை, உள்ள வள்ளம். துறையை விட்டு இருநூறு அடி போகமுதல் சேற்றில் ஏறி நின்றது. விற்றுவிட்டு, அடிப்பலகையைத் தூக்கக்கூடிய பதினாறு அடி வள்ளம் எடுத்தேன். அதிலும் சுக்கானில் சாதாளை தொங்கினால் நல்ல காற்றில்கூட வள்ளம் அசையாது. வெளிக்குடாவுக்குப் போனால் ஆழம் உண்டு, காற்றும் உண்டு. அங்கே போய்ச் சேரத்தான் எஞ்சின், அந்த எஞ்சினுக்குத்தான் 310 டொலர்.

மீனைப் பற்றிக் குறை சொல்ல வாயில்லை. ஊரில் அப்பா தொடுவாயில் வீச்சுவலை எறியப் போகும்போது சாதாளை ஓரம் பார்த்துத்தான் நிற்பார். இங்கேயும் அதே கணக்கு. பெரியவாய் பாஸ் மீன் செடிக்கூட்டத்தின் விளிம்பில் நிழலில் நிற்கும். விடிய ஆறு மணிக்குத் துறையில் நின்றபடியே மகள் பிடிக்கிறாள். பனி உறைந்தால் ஐஸில் துளைபோட்டு மஞ்சள் பேர்ச். மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிப் பொரித்தால் முள்ளோடு சாப்பிடலாம்.

இனி நவம்பர். இந்த ஊரை வேட்டைக்காரர் கண்டுபிடித்தது நேற்று அல்ல. லோங் பொயின்ற் கொம்பனி என்ற வேட்டைக் கழகம் 1866 இலேயே திட்டின் பெரும்பகுதியை வாங்கிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்குப் பொதுச் சதுப்பு இருக்கிறது. துவக்கு லைசென்ஸ், பறவை பெர்மிற் எல்லாம் நண்பனுக்குத் தெரியும். பழைய ஈயச் சன்னம் வீட்டில் கிடந்தால் கொண்டுவர வேண்டாம், 1999 இலிருந்து கனடா முழுக்க நீர்ப்பறவைக்கு அது தடை. நான் சுடுவது சதுப்பில், மல்லார்ட் வாத்து மட்டும். வீட்டுத் துறையில் கோப்பியோடு குந்தியிருந்து பார்ப்பதுதான்.

அப்படி இருந்துதான் கன்வாஸ்பாக் வாத்தைக் கண்டேன். செம்மண் நிறத் தலை, வெள்ளை முதுகு, நெற்றியும் சொண்டும் ஒரே சரிவு. முங்கிப் போய்ச் சேற்றுக்குள் கிடக்கும் வலிஸ்நேரியாக் கிழங்கைக் கிண்டிக்கொண்டு மேலே வரும். வந்ததும் பக்கத்தில் காத்து நிற்கும் விஜன் வாத்து பாய்ந்து பறிக்கும். கன்வாஸ்பாக் திரும்பவும் முங்கும். இதன் விஞ்ஞானப் பெயரிலேயே அந்தச் செடியின் பெயர் இருக்கிறது: அய்த்யா வலிசினேரியா. என் இம்பெல்லரை எரித்த செடிக்காகத்தான் இவ்வளவு வாத்தும் இங்கே இறங்குகிறது. குடாவைச் சுத்தமாக வெட்டித் தாருங்கள் என்று மனுக் கொடுக்க ஒருமுறை கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். நான் வைக்கவில்லை.

தண்ணீர் மட்டத்தையும் சொல்லவேண்டும். தென்மேற்குக் காற்று பலத்தால் ஏரி முழுவதும் சரிந்து எங்கள் பக்கம் ஏறும். 2019 இல் ஈரி ஏரி என்றுமில்லாத உயரத்துக்கு வந்தபோது புற்றரை தாண்டி வாசற்படியைத் தொட்டது. உள்ளே வர ஒரே தெரு, அதுவும் சதுப்புக்கு நடுவாலே. மாரி தொடங்கமுதல் காப்புறுதிப் பத்திரத்தை எழுத்தெழுத்தாக வாசி.

ஆகவே மச்சான், மூன்றில் இரண்டு இங்கே முதல்தரம். ஆனாலும் நீ வாங்காதே. உனக்குப் பாய்தான் உயிர். ஆழமான துறை உள்ள ஊராகப் பார், வாத்துக்கு இங்கே என் வீட்டில் வந்து நில், மேல்மாடி அறை வெறுமையாகத்தான் கிடக்கிறது. இல்லை, பார்த்தே தீருவேன் என்றால் மே மாதத்தில் வராதே. விற்கிறவர்கள் அப்போதுதான் கூப்பிடுவார்கள். ஓகஸ்ட் இரண்டாம் கிழமை வா, வீட்டுக்குள் போகமுதல் துறையடியில் இறங்கி நூறு அடி நடந்து பார்.