ஐந்து நிமிடக் கஞ்சா சோதனை அட்டை: கபடிக் குழுவுக்கு வாங்கலாமா?

கபடிக் குழு நடத்துகிறவர் இந்த அட்டையை வாங்கியதும் முதலில் செய்யும் தப்பு, அதை உடல்தகுதிச் சோதனையாக எடுத்துக்கொள்வது. கோடு வராத, அதாவது கஞ்சா 'இருக்கிறது' என்று காட்டிய, பையனைக் களத்தைவிட்டு நிறுத்திவிட்டு, கோடு வந்தவனை "இவனுக்கு மூச்சு நிற்கும்" என்று ரைடுக்கு அனுப்புகிறார்கள். அட்டைக்கு மூச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி உடம்பில் உடைந்து உண்டாகும் கார்பாக்சி டிஎச்சி, சிறுநீரில் ஒரு மில்லிக்கு 50 நானோகிராமுக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும். அந்தக் கழிவுப்பொருளுக்குப் போதையே கிடையாது. ஆகவே இப்போது போதையில் இருக்கிறானா, எத்தனை வருஷமாகப் பழக்கம், ஆட்டம் இறங்கியிருக்கிறதா, எதற்கும் இதில் பதில் இல்லை. அண்மையில் உள்ளே போயிருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு இது நல்ல பொருள். விலையும் பெரிதில்லை.

கோடு படிப்பதில்தான் பாதிப்பேர் சறுக்குகிறார்கள். கர்ப்பப் பரிசோதனை அட்டைக்கு இது நேர் எதிர். 'சி' இடத்திலும் 'டி' இடத்திலும் கோடு விழுந்தால் இல்லை என்று பொருள். 'டி'யில் கோடு இல்லாவிட்டால்தான் இருக்கிறது. சிறுநீரில் வரும் கழிவுப்பொருள் அட்டையிலுள்ள சாய எதிர்ப்பொருளை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால், அது 'டி' கோட்டில் ஒட்ட வழியில்லாமல் போகிறது. 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். "லேசாக இருக்கிறது, அப்படியென்றால் கொஞ்சம் அடித்திருப்பான்" என்று கணக்குப் போடக் கூடாது. 'சி' கோடு வராத அட்டை செல்லாது. அதைப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும்.

உறையைப் பிரித்த ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். துளிசொட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, குமிழி இல்லாமல் 3 சொட்டு. 5 நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும். 10 நிமிடம் தாண்டியபின் தெரிவதையும் மறைவதையும் நம்பக் கூடாது. செல்போனில் டைமர் வையுங்கள், கண்ணளவு வேண்டாம்.

செட்டிநாட்டு வெயில்தான் இந்தப் பொருளுக்கு முதல் எதிரி. பெட்டியில் 2 முதல் 30 டிகிரி வரை என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரை போட்ட கிளப் கொட்டகையிலோ பைக் பெட்டியிலோ கிடந்தால் எதிர்ப்பொருள் கெட்டுப்போகும். பழைய வீடு ஏதாவது கைவசம் இருந்தால் இரண்டாங்கட்டு அறை அலமாரியே போதும்; ஆத்தங்குடிக் கல் பாவிய தரை மதியத்திலும் குளிர்ந்துதான் கிடக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் அட்டை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

மாதிரியில் வரும் கோளாறுகளில் பெரியது தண்ணீர். பயிற்சி முடிந்து ஒரு குடம் தண்ணீரும் இரண்டு இளநீரும் குடித்துவிட்டு வருகிறவனின் சிறுநீர் வெள்ளைத் தண்ணீராக இருக்கும், அளவு 50-க்குக் கீழே இறங்கிவிடும். இதில் ஏமாற்று எதுவும் இருக்க வேண்டியதில்லை, உடம்பின் வேலை அது. நிறமே இல்லாத மாதிரியைத் திருப்பிவிட்டு மறுநாள் விடியற்காலை முதல் சிறுநீரை வாங்குங்கள். கப்பின் வெளிப்பக்கம் ஒட்டும் வெப்பப்பட்டை வாங்கினால் நல்லது. கொடுத்த 4 நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரி காட்ட வேண்டும்.

அடுத்தது மாத்திரை. கேஸ் ட்ரபிளுக்கு நம் ஊரில் மிட்டாய் மாதிரி விழுங்கப்படும் பேன்டோபிரசோல், இவ்வகைச் சோதனைகளில் தவறான 'இருக்கிறது' முடிவு தரக்கூடும். எச்ஐவிக்குத் தரப்படும் எஃபாவிரென்ஸும் அப்படித்தான். சோதனைக்கு முன் எழுதி வாங்குங்கள்: கடந்த ஒரு வாரத்தில் என்ன மாத்திரை. சந்தேகம் வந்தால் ஜிசி-எம்எஸ் முறையில் உறுதிசெய்யும் ஆய்வகத்துக்கு அதே மாதிரியை முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். "பக்கத்தில் நின்றேன், புகை பட்டுவிட்டது" என்ற சாக்கு மட்டும் திறந்த வெளியில் எடுபடாது. காற்றுப் போகாத அறையில் அடர்ந்த புகைக்குள் இருந்தால்தான் 50-ஐத் தொடும் வாய்ப்பே உண்டு.

நீண்டகாலப் பழக்கம் உள்ளவரிடம் இந்த அட்டை குழப்பும். டிஎச்சி கொழுப்பில் கரைந்து தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். ஒருமுறை புகைத்தவருக்கு மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். தினமும் புகைத்தவர் நிறுத்திய பிறகும் பல வாரம், சிலருக்கு ஒரு மாதம்கூட, 'இருக்கிறது' என்றே காட்டலாம். ஒருநாள் இல்லை, மறுநாள் இருக்கிறது என்றும் மாறும். காரணம் பெரும்பாலும் அன்று குடித்த தண்ணீரின் அளவு. 2013-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், வழக்கமாகப் புகைக்கும் 14 பேர் 35 நிமிடம் சைக்கிள் மிதித்தபோது இரத்தத்தில் டிஎச்சி சற்றே ஏறியது. நிறுத்திவிட்டேன் என்று சொல்கிற பையனை ஒரே அட்டையை வைத்துப் பொய்யன் ஆக்கிவிடாதீர்கள். வாரம் ஒன்று வீதம் எடுத்து, தொடர்ந்து மூன்று நான்கு தடவை 'இல்லை' என்று வந்தபின் மீண்டும் 'இருக்கிறது' வந்தால்தான் புதிதாகப் புகைத்ததாக நினைக்க இடம் உண்டு.

ஆட்டம் இறங்கியதா என்று பார்க்க வேறு கருவி வேண்டும், அதுவும் மலிவானது. புகைத்த உடனே நடக்கும் மாற்றம் தெளிவானது: நாடித்துடிப்பு ஏறும், உழைக்கும் திறன் குறையும். 1986-இல் வெளியான ஆய்வில் 12 பேர் ஓய்ந்துபோகும்வரை சைக்கிள் மிதித்த நேரம் சுமார் 16 நிமிடத்திலிருந்து 15 ஆகச் சரிந்தது. நீண்டகாலக் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. தொடர்ந்து உடற்பயிற்சி செய்கிறவர்களை ஒப்பிட்ட சிறு ஆய்வுகளில், புகைக்கிறவருக்கும் புகைக்காதவருக்கும் விஓ2 மேக்ஸ் (கடும் உழைப்பில் உடம்பு எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச ஆக்சிஜன்) பெரிதாக மாறவில்லை. அதனால் "அடித்தால் ஒரு வருஷத்தில் நுரையீரல் போய்விடும்" என்று பயமுறுத்தினால், நன்றாக ஓடும் பையன் உங்களையே நம்பமாட்டான். உண்மையில் அடிபடுவது நாள்பட்ட இருமல், சளி, தூக்கம், கவனம். நம் பக்கம் பீடித் தூளோடு கலந்தே புகைப்பதால் புகையிலைக் கேடும் கூடவே வருகிறது. 30 விநாடி ரைடில் மூச்சைப் பிடித்துப் பாட வேண்டியவனுக்குச் சளிக்கட்டு ஒன்றே போதும்.

கை எவ்வளவு வேகமாக வினைபுரிகிறது என்று பார்க்க 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று போதும். மேலிருந்து சொல்லாமல் விடுங்கள், அவர் இரு விரலால் பிடிக்கட்டும். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 0.17 விநாடி, 20-இல் 0.20. பத்துமுறை எடுத்துச் சராசரி போடுங்கள். காலையில் எழுந்ததும் நாடி, மாதம் ஒருமுறை 12 நிமிட ஓட்டத் தூரம், தூங்கிய மணி. நோட்டில் எழுதிவைத்தால் அட்டை சொல்லாததெல்லாம் தெரியும். நிறுத்திய முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். அந்த வார எண்களை வைத்து யாரையும் அணியிலிருந்து தூக்காதீர்கள்.

மாநில, தேசியப் போட்டிக்குப் போகிறவருக்கு இன்னொரு எண் தேவை. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான வாடாவின் (WADA) விதியில் கஞ்சா போட்டிக் காலத்தில் மட்டும் தடை. அது முந்தைய நாள் இரவு 11:59-க்கே தொடங்கிவிடும். வரம்பு 150 நானோகிராம். 2013 வரை 15 ஆக இருந்தது. அட்டை 'இருக்கிறது' என்றாலே ஊக்கமருந்துக் குற்றம் என்று ஆகாது. அதேசமயம் செயற்கைக் கஞ்சாப் பொருள்களை இந்த அட்டை பெரும்பாலும் காணாது, அவையும் தடைப்பட்டியலில் உண்டு. போட்டிக்கு வெளியே, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் பயன்படுத்தியதாக நிரூபித்தால் தடை 3 மாதம். சிகிச்சையை முடித்தால் 1 மாதம். அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷகாரி ரிச்சர்ட்சன் 2021-இல் அந்த ஒரு மாதத் தடையில்தான் டோக்கியோ 100 மீட்டரை இழந்தார்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மாதிரியே வாங்காதீர்கள். முடிவைக் குழு வாட்ஸ்அப்பில் போடுவதும் கூடாது. கஞ்சா உட்கொள்வதே என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் 64ஏ பிரிவில் விலக்கு உண்டு. ஆகவே முதலில் கூப்பிட வேண்டியது 14446, போதை மீட்பு இலவச எண்.

வாங்கும்போது காலாவதித் தேதியை வெளிப்பெட்டியில் மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு உறையிலும் பாருங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இல்லாத உறையைத் திருப்பிவிடுங்கள். ஐந்து, பத்து போதைப்பொருளை ஒரே அட்டையில் பார்க்கும் வகை ஊர்க் குழுவுக்குத் தண்டச்செலவு. கஞ்சாவுக்கு மட்டுமான தனி அட்டை, பத்து எண்ணம், இரண்டு மூன்று மாதத்துக்குப் போதும்.