கமிஷனை 40ல இருந்து 35க்கு கொறச்சேன்னு பெருமைப்பட்டேன், 16,380 போச்சு

இப்பதான் அந்தக் கடையில இருந்து வந்தேன், கை இன்னும் நடுங்குது, ஆறினப்புறம் எழுதினா பாதிய விட்டுடுவேன்னு இப்பவே எழுதறேன். 16,380. போச்சு. கைவேலை செஞ்சு கடையில வெச்சு விக்கறவங்க, வெக்கலாம்னு யோசிக்கறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

கடை பேரு சொல்லமாட்டேன், கேக்காதீங்க. கைவினைப் பொருளும் கிஃப்ட் ஐட்டமும் விக்கற சின்னக் கடை, அவ்ளோதான். கன்சைன்மென்ட்ல எடுப்பாங்க, அதாவது பொருளை நாம வெச்சுட்டு வரணும், வித்தா அவங்க கமிஷனை எடுத்துட்டு மீதிய நமக்குத் தருவாங்க, விக்கலைனா நாம திருப்பி எடுத்துட்டு வந்துடணும். நான் பண்றது குரோஷா, கொக்கி ஊசியால நூலைப் பின்றது. பொம்மை, பை, டேபிள் ரன்னர், அதாவது மேஜை மேல நீளமா விரிக்கற துணி. ஒரு ரன்னர் போட எனக்கு ஒம்போது நாள் சாயங்காலம் போகும், கழுத்து வலி தனி.

மொத நாள் நடந்ததைத்தான் திரும்பத் திரும்ப நெனச்சுப் பாக்கறேன். கடைக்கார அம்மா என் பொம்மைய கையில வாங்கினாங்க, எல்லாரும் மூஞ்சியத்தான் பாப்பாங்க, அவங்க திருப்பி தையல் சேர்ற எடத்தைப் பாத்துட்டு "எங்கயும் பிசிறே இல்லையேம்மா"ன்னாங்க. இத்தனை வருஷத்துல யாரும் அந்த எடத்தைப் பாத்ததே இல்லை. அங்கயே விழுந்துட்டேன்.

கமிஷன் 40ன்னாங்க. நான் 30 கேக்கணும்னு வீட்லயே பேசிப் பாத்துட்டுப் போயிருந்தேன். கேட்டேன். சிரிச்சாங்க, வாடகை, கரன்ட், ஆள் சம்பளம்னு கொஞ்ச நேரம் சொன்னாங்க, அப்புறம் "சரி, உனக்காக 35, வெளிய சொல்லிடாத"ன்னாங்க. வெளிய சொல்லாதன்னு ஒருத்தர் சொன்னாலே உஷாராகணும், எனக்கோ அது விருது மாதிரி இருந்துச்சு. அஞ்சு பர்சென்ட் கொறச்சுட்டேன்னு வர்ற வழியெல்லாம் சந்தோஷம். இன்னொண்ணு சொல்றேன், இதைச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு. பீஸ் வாரியா, வெலையோட, ரெண்டு பேரும் கையெழுத்து போடற மாதிரி ரெண்டு காப்பி லிஸ்ட் அடிச்சு பையில வெச்சிருந்தேன். "நமக்குள்ள என்னம்மா எழுத்து"ன்னு அவங்க சொன்னதும் அதை எடுக்கவே இல்லை. இன்னிக்கும் அதே பையில மடிச்சபடி கெடக்கு.

மொதல்ல 12 பொம்மைதான் குடுத்தேன். ஒரு மாசத்துல 8 வித்துச்சு, 450 வீதம் 3,600, 35 போக என் பங்கு 2,340, சொன்ன தேதிக்கு அக்கவுண்ட்ல விழுந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் மிச்சத்தையும் கொண்டுபோய்க் கொட்டினேன். இன்னும் 8 பொம்மை, 14 பை, 6 ரன்னர். மொத லாட்ல மீந்த நாலோட சேத்து 32 பீஸ். எல்லாம் வித்தா 35 போக எனக்கு வரவேண்டிய பங்கு 16,380. அந்த 2,340 தூண்டில் புழுன்னு அப்ப தெரியல.

ரெண்டாவது மாசம் கேட்டா கணக்கு பாக்கற பையன் லீவு. மூணாவது மாசம் ஸ்டாக் எடுக்கறோம், முடிஞ்சதும் சொல்றோம். நாலாவது மாசம் சேல்ஸே இல்லம்மா, எங்களுக்கே கைய கடிக்குது. நடுவுல நான் போடற மெசேஜ் எல்லாத்துக்கும் ப்ளூ டிக் மட்டும் விழும். ஒருதரம் கும்பிடற எமோஜி ஒண்ணு வந்துச்சு, அதை எந்தக் கணக்குல வரவு வெக்கறதுன்னு தெரியல.

இன்னிக்கு நேராவே போயிட்டேன். என் பொருள் இருந்த ரேக்ல யாரோ செஞ்ச சோப்பு அடுக்கியிருக்கு. என் மஞ்சள் யானை பொம்மை, கடை முன்னாடி கண்ணாடி ஷோகேஸ்ல வெயில்ல காஞ்சு ஒரு பக்கம் வெளுத்துப்போய் நிக்குது. ஒரே ஒரு பை ஹூக்ல தொங்குச்சு. எடுத்துப் பாத்தா நான் ஒட்டின 900 ஸ்டிக்கர் மேல இன்னொரு ஸ்டிக்கர், 1,250. மேல "30% தள்ளுபடி"ன்னு போர்டு. எனக்கு மொதல்ல புரியல. அரை ஷீட்ல ஒரு கணக்கு எழுதிக் கையில குடுத்தாங்க, அப்பதான் புரிஞ்சுது.

அந்த ஷீட்ல பை எல்லாம் 30% தள்ளுபடியில போச்சுன்னு இருக்கு, அதாவது 900 இல்ல, 630. அவங்க கமிஷன் மட்டும் 900க்கு 35%, 315. மீதி 315 எனக்கு. தள்ளுபடி முழுக்க என் தலையில, அவங்க பங்குல ஒத்தப் பைசா கொறையல. சரி, வாங்கினவங்க என்ன குடுத்திருப்பாங்க? 1,250ல 30% போனா 875. கடைக்கு வந்தது 875, எனக்கு எழுதினது 315, அவங்க கையில நின்னது 560. 35ன்னு பேசி முடிச்ச கமிஷன் 64 ஆயிருக்கு. நான் அஞ்சு பர்சென்டுக்கு மல்லுக்கட்டினேன், எதுக்கு பர்சென்டுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. ஒட்டின வெலைக்கா, வித்த வெலைக்கா? அதைக் கேட்டிருந்தா 40க்கே ஒத்துக்கிட்டிருந்தாலும் நஷ்டமில்லை.

இதோட முடியல. 32ல 21 வித்துச்சாம், 7 டேமேஜாம், 4 "காணோம்"மாம். காணோம்னா யார் பொறுப்புன்னு கேட்டேன், "கடைன்னா நாலு பேர் வந்து போவாங்க"ன்னு பதில். டேமேஜ் ஏழையும் குடுங்கன்னா மூணுதான் கவர்ல வந்துச்சு, ஒரு பொம்மைக்குக் கண்ணே இல்ல. அப்புறம் டிஸ்ப்ளே சார்ஜ் மாசாமாசம், கார்டு மெஷின் சார்ஜ், பேக்கிங் கவர். எல்லாம் கழிச்சு எனக்கு வரவேண்டியது 640. பதினாறாயிரத்து முந்நூத்தி எண்பது வரவேண்டிய எடத்துல அறுநூத்தி நாப்பது! அதுவும் "அடுத்த மாசம்". சத்தம் போட்டேன். மொத நாள் பிசிறில்லன்னு புகழ்ந்த அதே அம்மா, "கையெழுத்து போட்ட பேப்பர் ஏதாவது இருந்தா காட்டும்மா"ன்னாங்க.

வீட்ல இவர் போனா போகட்டும், பாடம்னு நெனச்சுக்கோங்கறார். 16,380க்கு பாடமா, இந்தக் காசுக்கு ஒரு கோர்ஸே படிச்சிருக்கலாம்.

எல்லாக் கடையும் இப்படின்னு சொல்லல. 40 கேக்கறதுகூட தப்பில்ல, கடை நடத்தறது செலவுதான். மொத்தமா காசு குடுத்து பாதி வெலைக்கு எடுத்தாங்கன்னா விக்கலைனா அவங்க பாடு. கன்சைன்மென்ட்ல காசும் போடல, பொருளும் நம்மளது, முடங்கறதும் நம்ம நூலு, அப்ப கமிஷன் பாதிக்குக் கீழ இருக்கறதுதான் நியாயம். இதெல்லாம் இப்ப வாய் கிழியப் பேசறேன்.

விவரமா சொல்றேன்னேன், தலை வலிக்குது, வேகமா சொல்லிடறேன். லிஸ்ட்ல கையெழுத்து வாங்காம ஒரு பீஸ் வெக்காதீங்க, நமக்குள்ள என்னன்னா கெளம்பி வந்துடுங்க. விக்கற வரைக்கும் பொருள் உங்களுதுன்னு அதுல எழுதியிருக்கணும், இல்லைன்னா நாளைக்கு அவங்க கடைய மூடினா கடன்காரங்க உங்க பொருளையும் சேத்து அள்ளிடலாம். தள்ளுபடி போட்டா யார் பங்குல கழியும்னு கேளுங்க. தொலைஞ்சா, கெட்டா கடை பொறுப்புன்னு எழுதுங்க. மொத பேமென்ட் சரியா வந்துச்சுன்னு ஸ்டாக் பூரா கொண்டுபோகாதீங்க, ரெண்டு மூணு மாசம் பாருங்க. போட்டோ எடுத்து வைங்க, நான் எடுத்தது பொம்மைங்க மட்டும்தான், பைக்கு ஒண்ணுகூட இல்ல. இன்னும் இருக்கு, இப்ப வரமாட்டேங்குது.

நாளைக்குக் கடை தொறக்கற நேரத்துக்கு மறுபடி போறேன். காசு வருதோ இல்லையோ, அந்த மஞ்சள் யானையையாவது தூக்கிட்டு வந்துடணும்.