மலை சைக்கிள் சஸ்பென்ஷன் பேரிங்: மாற்றிய பிறகு இரண்டு பருவமழையையும் பார்த்தாயிற்று

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின் சஸ்பென்ஷனில் எல்லா மூட்டுக்கும் விலை கூடிய பேரிங் தேவையில்லை. பெடல் அச்சுக்கு மேலே, பின் பகுதி ஃபிரேமோடு சேரும் மெயின் பிவட்டுக்கு (முக்கிய மூட்டு) மட்டும் கேஜ் (குண்டுகளுக்கு இடையே இருக்கும் பிரிப்பு வளையம்) இல்லாத, குண்டுகளை நெருக்கி அடைத்த வகையை வாங்குங்கள். மேலே ஷாக்கைத் தள்ளும் இணைப்பான ராக்கர் லிங்க்கில் மோட்டார் பேரிங் விற்கிற கடையிலேயே கிடைக்கும் நல்ல ரப்பர் சீல் பேரிங் தாராளமாகத் தாங்குகிறது.

என்னுடையது அலுமினிய ஃபிரேம், பின்னால் 140 மி.மீ. டிராவல், அதாவது பின் சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம். கோவையிலிருந்து வார இறுதியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓட்டுவது. நீலகிரியின் இந்தக் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கனமாக இருக்கும். தென்மேற்குப் பருவமழையோடு மழை முடிந்தது என்று நினைத்து வண்டியைச் சுத்தம் செய்து வைப்பவர்களுக்கு அக்டோபரில் மறுபடியும் சேறு காத்திருக்கிறது.

பேரிங் போய்விட்டதா என்று சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கீச்சென்ற சத்தம் சீட் போஸ்ட்டிலிருந்தும் வரும், பெடலிலிருந்தும் வரும். பின் சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் ஒரு போல்ட்டையும் எடுத்துவிட்டு, பின் சக்கரத்தைத் தாங்கும் பின் முக்கோணத்தைக் கையால் மேலும் கீழும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நல்ல பேரிங் என்றால் வழுக்கிக்கொண்டு போகும். போன பேரிங், சோற்றில் கல் கடிபடுவது போல ஓரிடத்தில் நெருடும். அப்புறம் மூட்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு முக்கோணத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் எந்த மூட்டில் என்பதும் விரலுக்குத் தெரிந்துவிடும். எனக்கு மெயின் பிவட்டில் இரண்டும் இருந்தன, அதுவும் செயின் பக்கத்தில் அதிகம்.

கழற்றிய பேரிங்கின் சீலை ஊசி முனையால் நெம்பிப் பார்த்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புக் குழம்பு. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால், வெளி வளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் குண்டுகள் உட்கார்ந்த குழிகள் வரிசையாக. மறுபக்கம் பளபளவென்று புதிதாக இருந்தது. காரணம் இதுதான்: மோட்டாரில் பேரிங் நிமிடத்துக்கு 1440 சுற்று, 2880 சுற்று என்று ஓடும், கிரீஸ் எல்லாக் குண்டுக்கும் மறுபடி மறுபடி போய்ச் சேரும். சைக்கிள் பிவட்டில் அது முழுச் சுற்றே சுற்றாது. சில டிகிரி முன்னே, சில டிகிரி பின்னே, அவ்வளவுதான். அடி முழுவதும் அதே சில குண்டுகளின் மேல் விழுகிறது. அங்கிருந்து ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வருவதில்லை. அந்த இடைவெளியில் தண்ணீர் உட்காருகிறது.

கேஜ் இல்லாத வகை இங்கே ஏன் பொருந்துகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். குண்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்கும் கேஜை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் குண்டுகளை நிரப்பினால் பாரம் அதிகக் குண்டுகளுக்குப் பிரியும். வேகமாகச் சுற்றினால் குண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகும். பிவட்டில் அந்தக் கவலையே இல்லை.

பேரிங் வாங்குவதில் கோவைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பம்ப்செட் ஊர், பேரிங் கடைக்குப் பஞ்சமில்லை. மெயின் பிவட்டுக்கு 6902 என்று கேட்டதும் கடைக்காரர், "எந்த மோட்டாருக்குங்க?" என்றார். சைக்கிளுக்கு என்றதும் நம்பாமல் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மோட்டாரில் சகஜமாகப் புழங்கும் 6202-க்கும் இதற்கும் உள்துளை ஒன்றுதான், 15 மி.மீ.; கடைசி 02 குறிப்பது அதைத்தான். ஆனால் 6202 வெளியே 35, தடிமன் 11. 6902 வெளியே 28, தடிமன் 7. 6802 இன்னும் ஒல்லி: 24, 5. ஆகவே பழைய பேரிங்கின் எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டு போங்கள். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

கடையில் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்று, இசட்இசட் என்று தகர மூடி போட்டதைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி, 2ஆர்எஸ் ரப்பர் சீல் கேளுங்கள். தகர மூடி தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரை விட்டுவிடும். இன்னொன்று, சி3 என்று அச்சிட்டது வேண்டாம். ஓடிச் சூடாகும் மோட்டாருக்காக உள்ளே கூடுதல் இடைவெளி வைத்தது அது. சூடே ஆகாத பிவட்டில் அந்த இடைவெளி ஆட்டமாகத்தான் மிஞ்சும். கேஜ் இல்லாத வகை இந்தக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். விலை பல மடங்கு. இரண்டு வகையும் சேர்த்தும் சைக்கிள் கம்பெனி விற்கும் பேரிங் கிட் விலையில் பாதிகூட ஆகவில்லை.

கருவிக்கு லேத் பட்டறைதான் வழி. எம்8 த்ரெட் ராடு, இரண்டு நட்டு, வாஷர்கள், கடைந்து வாங்கிய இரண்டு புஷ். 28 மி.மீ. பேரிங்கைத் தள்ளும் புஷ்ஷுக்கு வெளிவிட்டம் 27.5, வெளியே வரும் பேரிங்கை வாங்கிக்கொள்ளும் கிண்ணத்துக்கு உள்விட்டம் 30. புதியதை ஏற்றும்போது புஷ் வெளி வளையத்தில் மட்டுமே உட்கார வேண்டும். உள் வளையத்தைத் தள்ளினால் அழுத்தம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போகும், புது பேரிங்கிலேயே குழி விழும். சுத்தியல் பக்கமே போகாதீர்கள். பின்னால் தடுப்பு உள்ள குழியிலிருந்து எடுக்க, உள்ளே விரிந்து பிடிக்கும் புல்லர் வேண்டும். அதை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தமாக வாங்கும் அளவுக்கு வேலை வராது.

பேரிங்குகளை இரவே ஃப்ரீசரில் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தேன். காலையில் ஃபிரேமின் குழியை ஹாட் ஏர் கன்னால், கை வைத்தால் பொறுக்க முடியாத அளவுக்குச் சூடாக்கினேன். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 28 மி.மீ. குழி 60 டிகிரி கூடுதல் சூட்டில் 0.04 மி.மீ. அளவுக்குப் பெருகும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் நட்டைத் திருகும் கைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. கார்பன் ஃபிரேமில் இந்தச் சூடு காட்டும் வேலை வேண்டாம்.

போல்ட்டின் தண்டுக்கு கிரீஸ், மரைக்கு அது தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட் லாக்கர், இரண்டும் கலந்துவிடாமல். இறுக்கத்துக்கு, அதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், கம்பெனி படத்தில் இருக்கும்.

மாட்டி முடித்ததும் முதலில் தெரிந்தது சிறு கற்களின் மேல் வித்தியாசம். முன்பு ஒவ்வொரு கல்லும் காலுக்கு வந்தது. இப்போது ஷாக் அதை வாங்கிக்கொள்கிறது. உராய்வு குறைந்ததால் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் அதிகமாக இறங்கியது, ஷாக்கில் காற்று கூட்ட வேண்டியிருந்தது. பேரிங் மாற்றியவர்கள் இதைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டு, ஷாக் போய்விட்டது என்று பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மழையும் தாண்டித் திறந்து பார்த்ததில், ராக்கர் லிங்க்கின் கடை பேரிங்குகள் அப்படியே இருக்கின்றன. அங்கே பின் சக்கரம் வாரியடிக்கும் சேறு போய்ச் சேருவதில்லை. மெயின் பிவட்டில் சோதனைக்காக ஒரு பக்கம் கேஜ் உள்ள 2ஆர்எஸ், செயின் பக்கம் கேஜ் இல்லாதது போட்டிருந்தேன். பாரம் குறைந்த பக்கத்தில் இருந்தும் கேஜ் உள்ளது லேசாக நெருட ஆரம்பித்துவிட்டது. மற்றது இன்னும் வழுக்குகிறது. நெருடியதையும் மாற்றிவிட்டேன்.

ஏற்றுவதற்கு முன்பே சீலைத் திறந்து, தண்ணீரில் எளிதில் கழுவிப்போகாத கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸை விளிம்புவரை நிரப்பியதும் இதில் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். கடை பேரிங்கில் மூன்றில் ஒரு பங்குதான் கிரீஸ் இருக்கும், வேகமாகச் சுற்றுவதற்காக வைத்த அளவு அது. அப்புறம் வாட்டர் சர்வீஸ். பைக் கழுவும் அந்தக் குழாயை சைக்கிளுக்குப் பிடித்தால் எந்த சீலும் நிற்காது. வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.

இப்போது ஆட்டம் கொஞ்சம் தெரிவது ஷாக்கின் கீழ்க் கண்ணில், அதாவது போல்ட் போகும் கீழ்த் துளையில். அங்கே பேரிங் கிடையாது, மெல்லிய புஷ்தான். புஷ்ஷை ஆன்லைனில் சொல்லியிருக்கிறேன்; அதற்குத் தள்ளும் கட்டையை அதே லேத்தில் கடையக் கொடுத்தாயிற்று.