செடி நல்ல சரக்கு, தொட்டிதான் வில்லங்கம்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில் உள்ள ஒரு நர்சரியில் விற்கும் ஸ்நேக் பிளான்ட் இது. ஆரியங்காவு இறங்கி வரும் கேரள வண்டிகளும் நின்று வாங்கிப் போகிற கடை. இலையோரம் மஞ்சள் கரை போட்ட ரகம். ஆறு இஞ்சு பீங்கான் தொட்டியோடு 350 ரூபாய், கறுப்புப் பையில் வெறும் செடி 120.

செடியைக் குறை சொல்ல முடியாது. இலை விறைப்பு, அடி கெட்டி, பைக்கு நாலைந்து இலை, பக்கத்தில் ஒரு கன்று. நட்டிருக்கும் விதம்தான் மோசம். பை முழுக்க வெறும் தென்னை நார்க்கழிவு. மேலே இரண்டு விரல் ஆழம் காய்ந்து உதிரும், நடுவில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பீங்கான் தொட்டியிலோ அடியில் ஓட்டையே இல்லை. மேலே வெள்ளைக் கூழாங்கல் வேறு பரப்பி ஈரத்தை மறைத்துவிடுகிறார்கள்.

இலையிலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற செடி இது. கிழங்கைச் சுற்றி ஈரம் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலடிக்கும் இந்தப் பக்கத்தில் மண் காயவே காயாது. இலையின் அடி மஞ்சளாகிக் கொழகொழத்து, இழுத்தால் கையோடு வரும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கமான தப்பு.

ஆகவே பைச் செடியே போதும். வாங்கியதும் நாரை உதறிவிட்டு, கறுத்து மெத்தென்றிருக்கும் வேர்களை வெட்டி, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி கரித்தூள். ஓட்டையுள்ள மண் தொட்டி, வேர்க்கட்டைவிட இரண்டு இஞ்சு அகலம், அதற்கு மேல் வேண்டாம். தொட்டி பெரிதானால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கும். நட்டு ஐந்து நாள் கழித்து முதல் தண்ணீர்.

பிறகு எப்போது ஊற்றுவது? விளக்குமாற்று ஈர்க்கை அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சாரல் காலத்தில் மாதம் ஒருமுறை வரும். இருட்டு மூலையிலும் சாகாது, ஆனால் வளராது. ஜன்னலோரமே நல்லது. இலை இடுக்கில் மாவுப்பூச்சி கண்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல்.

இலையை வெட்டி நட்டும் செடி வரும், ஆனால் மஞ்சள் கரை போய்ப் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு கன்றைப் பிரிக்க வேண்டும். கடைக்காரரே இதைச் சொல்லி விற்கலாம், சொல்வதில்லை.

‘இரவிலும் ஆக்சிஜன்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். இரவில் கரியமில வாயுவை உள்ளிழுப்பது உண்மை, ஆக்சிஜன் உண்டாவது வெளிச்சத்தில்தான். வீட்டுச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்கின்றனவா என்று பார்த்த நாசாவின் 1989 சோதனையும் மூடிய பெட்டிக்குள் நடந்தது. நாலு ஜன்னல் திறந்த வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பூனை, நாய் கடித்தால் வாந்தி எடுக்கும், எட்டாத இடத்தில் வையுங்கள்.

பீங்கான் தொட்டிதான் வேண்டுமென்றால், “அண்ணாச்சி, அடியில ஒரு ஓட்டை போட்டுத் தாங்க” என்று கேளுங்கள். டிரில் வைத்துப் போட்டுத் தருகிறார்கள், கேட்டால் மட்டும்.