‘கால்பிரேஷன் முடிந்தது’: பழைய டர்ன்டேபிளைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பெரம்பூர் பக்கம் பழைய ரெக்கார்ட் பிளேயர், வால்வ் ரேடியோ, ஸ்பூல் டேப் எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஒரு கடையில் என் டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டு ஓட்டும் மெஷினை, கொடுத்தேன். செய்யாத வேலைக்குப் பில் போட்டார்கள். அதிலிருந்த நல்ல காட்ரிட்ஜை (ஊசியைப் பிடித்து, அதன் அசைவை மின் சைகையாக்கும் சிறு பாகம்) கழற்றிக்கொண்டு மலிவான ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வித்தையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதை உங்கள் வீட்டு மேசையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் எழுத வேண்டிய விஷயம்.

மெஷின் தோரன்ஸ் டிடி 160. 1970-களின் சரக்கு; சுவிஸ் பெயர், ஆனால் ஜெர்மனியின் லார் நகரில் தயாரானது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர் வீடு காலி செய்தபோது கப்பலில் அனுப்பிய சாமான்களோடு வந்தது. ஆர்மின், அதாவது ஊசியை இசைத்தட்டின் மேல் தாங்கும் கையின், முனையில் ஷூர் வி15 டைப் 3 காட்ரிட்ஜ் இருந்தது. ஷூர் நிறுவனம் 2018-இல் காட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது என்பதால், நல்ல நிலையில் இருக்கும் வி15-க்கு இப்போது தேடி அலைபவர்கள் உண்டு. ஊசி தேய்ந்தால்கூட ஜப்பானில் ஜிக்கோ என்ற நிறுவனம் அதற்கு மாற்று ஊசி செய்கிறது. தூக்கிப்போடும் பொருள் அல்ல அது.

அமெரிக்க மெஷினை இங்கே ஓட்டுவதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரியும்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதற்கு ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். இன்னொன்றைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 அலைச்சுற்று), இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸைத் தொடாது. இந்த வகை மோட்டார் ஓடும் வேகமோ ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஆகவே மோட்டார் தண்டில் பெல்ட்டை இழுக்கும் சிறிய சக்கரமான பூலியைக் கழற்றிவிட்டு, சற்றுப் பருமனான 50 ஹெர்ட்ஸ் பூலியை மாட்ட வேண்டும். இதைக் கடையில் தெளிவாகச் சொன்னேன். “அதெல்லாம் எங்களிடம் ஸ்டாக்கிலேயே இருக்கிறது சார்” என்றார் கடைக்காரர். பில்லிலும் எழுதிக் கொடுத்தார்: ‘50 ஹெர்ட்ஸ் பூலி, ஸ்பீடு கால்பிரேஷன், ரூ.3,500. ஆர்ம் கால்பிரேஷன், ரூ.2,500.’ புது பெல்ட்டுக்குத் தனியாக. கால்பிரேஷன் என்றால் அளவைச் சரிபார்த்துத் திருத்துவது.

மெஷினைத் திரும்ப வாங்கப் போன அன்று ஒரு செய்முறை விளக்கம் வேறு. சுழலும் தட்டின் மேல் வட்டமாகக் கோடுகள் அச்சிட்ட ஒரு தாளை வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டிக் காட்டினார். கோடுகள் துளியும் நகரவில்லை. “பாருங்கள் சார், ஆணி அடித்தாற்போல் நிற்கிறது” என்றார். கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டேன். அந்த வீடியோதான் இன்று என்னிடம் இருக்கும் முதல் சாட்சி.

வீட்டுக்கு வந்து இசைத்தட்டைப் போட்டால், பெண் குரல் ஆண் குரலாகக் கேட்கிறது. ஐந்து கட்டை ஸ்ருதியில் பாடிய வித்வாம்சினி மூன்று கட்டைக்கு இறங்கிவிட்டார். 3 நிமிடம் 20 விநாடியில் முடிய வேண்டிய பாட்டு 4 நிமிடம் ஓடியது. கடைக்குப் போன் செய்தேன். “வின்டேஜ் மெஷின் என்றால் சூடேற நேரம் ஆகும். பழைய பாட்டை நிதானமாகக் கேட்பதே தனிச் சுகம் சார்” என்றார். ஒரு வியாபாரி இவ்வளவு ரசனையோடு பேசினால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

கோடுகள் ஏன் நின்றன என்பதற்கு வருகிறேன். நம் ஊரில் சாதாரண சோக் போட்ட டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மின்னுகிறது. கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. தட்டு, எல்பி இசைத்தட்டுக்கு உரிய வேகமான நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடினால், 180 கோடுகள் உள்ள வட்டம் இந்த வெளிச்சத்தில் நிற்பதுபோல் தோன்றும். அமெரிக்காவில் விளக்கு 120 முறை மின்னும். அதனால் அங்கே இதே வேகத்தைப் பார்க்க 216 கோடுகள் தேவை. கடையில் வைத்த தாள் அமெரிக்கத் தாள். வீடியோவில், தட்டு ஓடத் தொடங்குவதற்கு முன், ஓரத்தில் 60 என்று அச்சிட்டிருப்பது தெரிகிறது.

60 ஹெர்ட்ஸ் பூலியோடு நம் மின்சாரத்தில் ஓடும் மெஷின் 27.8 சுற்றுதான் போகும். 216 கோட்டுத் தாள் நம் டியூப் லைட்டில் நின்று தெரியும் வேகமும் அதே 27.8. மெஷினும் ஆறில் ஒரு பங்கு குறைவு, அளவுகோலும் ஆறில் ஒரு பங்கு குறைவு. இரண்டு பொய்ச் சாட்சிகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டன. கடைக்காரருக்கு இது தெரியாமலே நடந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மாட்டாத பூலிக்கு 3,500 ரூபாய் எழுதிய கைக்கு அறியாமை என்று பெயர் வைக்க முடியவில்லை. மேல் தட்டைத் தூக்கினால் பழைய பூலி, பழைய அழுக்கோடு, அப்படியே இருந்தது.

இதைப் பரிசோதிக்க வேண்டுமானால், தாளில் 50 என்று போட்ட வட்டத்தை மட்டும் பாருங்கள். எல்இடி பல்புக்குக் கீழே பார்க்காதீர்கள். பெரும்பாலானவை ஒழுங்காக மின்னுவதில்லை, கோடுகள் மங்கிப் போகும். எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப் லைட்டும் உதவாது. பழைய சோக் டியூப் லைட் வேண்டும், அல்லது ஒரு நியான் விளக்கு. எனக்கு நியான் விளக்கு கொடுத்தவர் ராயபுரத்தில் ஒரு காலத்தில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர். காசு வாங்க மறுத்துவிட்டார். அதுவும் இல்லையென்றால், சுற்று வேகம் காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டுத் தட்டின் நடுவில் வைத்து ஓட்டுங்கள். எனக்கு அது 27.8 என்றே காட்டியது.

நான் விடாமல் நின்றதும் மெஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டு ‘சரிசெய்து’ கொடுத்தார்கள். எப்படி என்று நினைக்கிறீர்கள்? அதே பூலியின் மேல் செல்லோ டேப்பைச் சுற்றிச் சுற்றிப் பருமனாக்கி! வேகம் ஏறக்குறைய வந்துவிட்டது. ஆனால் டேப்பின் ஒட்டு விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட்டை ஒரு தட்டுத் தட்டும். தம்புரா ஸ்ருதி நடுங்கியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை இளகி பெல்ட்டில் அப்பி, அந்த பெல்ட்டையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. உங்கள் மெஷினில் வீணையின் நீண்ட மீட்டலோ தம்புராவோ அலைபாய்ந்தால், முதலில் பூலியைப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் ஆர்மையும் சந்தேகப்பட்டேன். சௌகார்பேட்டையில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசை இரவல் வாங்கினேன். ஊசி இசைத்தட்டின் மேல் எவ்வளவு எடையோடு அழுத்துகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் கணக்கு. வி15 டைப் 3 கேட்பது முக்கால் முதல் ஒன்றேகால் கிராம். ஆர்மில் எடையைக் குறிக்கும் எண் 1 என்று காட்டியது. தராசு 4.3 என்றது.

தராசில் வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தராசின் தட்டு, இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். மேலே இருந்தால் எண் மாறும். தராசின் தட்டு இரும்பு கலந்ததாக இருந்தால் காட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்து எடையைக் கூட்டிக் காட்டும். மேலே ஒரு தடித்த பிளாஸ்டிக் துண்டை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. நான் அப்படித்தான் அளந்தேன். ஆர்மை முதலில் எடையில்லாமல் மிதக்கவிட்டு, அந்த இடத்தில் எண்ணைப் பூஜ்யத்தில் வைத்து, அதிலிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கடையில் அதைச் செய்யவே இல்லை. ஊசி துள்ளாமல் இருக்கும்வரை எடையை ஏற்றியிருக்கிறார்கள், பிறகு எண்ணை மட்டும் 1-க்குத் திருப்பியிருக்கிறார்கள்.

எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று சொல்பவர்களும் உண்டு, அதுவும் சரியல்ல. எடை போதாத ஊசி, இசைத்தட்டில் அது ஓடும் பள்ளமான வரிக்குள் நிலைகொள்ளாமல் இரு பக்கச் சுவரிலும் மோதும். அந்தச் சேதமும் நிரந்தரம்தான். காட்ரிட்ஜுக்கு என்ன எடை என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்களோ, அந்த எல்லைக்குள் வையுங்கள்.

4.3 கிராம் ஏற்றினால் வி15-இன் ஊசித் தண்டு அமுங்கி, காட்ரிட்ஜின் அடிப்பாகம் இசைத்தட்டையே உரசியிருக்குமே, இது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி வந்தது. காட்ரிட்ஜைத் தாங்கும் ஆர்மின் முனைப்பகுதியான ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஷூர் என்ற எழுத்தே இல்லை. பெயரில்லாத, கூம்பு முனை ஊசி கொண்ட ஒரு மலிவுச் சரக்கு. கேட்டதற்கு, “பழைய ஊசி தேய்ந்திருந்தது சார், குப்பையில் போட்டுவிட்டோம். புதியதை இலவசமாக மாட்டியிருக்கிறோம்” என்று பதில். தேய்ந்தது ஊசியென்றால் ஊசியைத்தானே மாற்ற வேண்டும்? காட்ரிட்ஜ் முழுவதும் ஏன் போயிற்று? கடை வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். யார் கண் யார் பொருளின் மேல் பட்டது என்பதை அந்த எலுமிச்சம்பழம்தான் சொல்ல வேண்டும்.

காட்ரிட்ஜ் நிற்கும் கோணமும் தவறு. கர்நாடக இசைத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ராக ஆலாபனை தட்டின் வெளி வட்டத்தில் வரும், நன்றாகவே இருக்கும். துக்கடாவும் தில்லானாவும் தட்டின் உள் வட்டத்தில் வரும்; அங்கே போனதும் ‘ச’, ‘ஷ’ எல்லாம் கரகரவென்று சிதறும். ‘பழைய தட்டு, அப்படித்தான்’ என்று கடையில் சொல்வார்கள். பல நேரங்களில் தட்டு பழையது என்பது காரணமே அல்ல. ஊசி, தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் வரிக்கு நேராக நிற்க வேண்டும் என்பது பெயர்வால்ட் முறையின் கணக்கு. இந்த அளவுத்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஜெராக்ஸ் கடையில் அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று விட்டுவிட்டால் அளவு சுருங்கிவிடும். நூறு சதவீத அளவில் அச்சிடச் சொல்லி, கையில் வாங்கியதும் ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள். என் மெஷினில் காட்ரிட்ஜ் இரண்டு இடத்திலுமே கோட்டிலிருந்து விலகி நின்றது.

மற்றவை சில்லறை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சுழல்தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காசிமேட்டுக் கடல் காற்று படும் வீடுகளில் ஹெட்ஷெல்லின் பித்தளை முனைகள் சீக்கிரம் கறுத்துவிடும். துடைத்திருந்தாலே இடது ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடியிருக்காது, அதுவும் செய்யவில்லை. ஸ்பிரிங்குகளைப் பிடித்துவைக்கும் போக்குவரத்துத் திருகுகளை இறுக்காமலே ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது மெஷின் ஒழுங்காக ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் பூலியை ஜெர்மனியிலிருந்து வரவழைத்து நானே மாட்டினேன். மாற்றுக் காட்ரிட்ஜ் வாங்கி, அதற்கு உரிய எடையைத் தராசில் வைத்துச் சரிசெய்தேன். பில்லில் எழுதியிருந்த அத்தனை வேலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அடங்கிவிட்டது.

நீங்கள் கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுக்கும் முன் காட்ரிட்ஜைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள், பூலியையும் எடுங்கள். ரசீதில் காட்ரிட்ஜின் பெயரையும் ஊசியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ‘கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ என்ற வரியும் இருக்கட்டும். அந்த வரியை எழுத மறுக்கும் கடையில் மெஷினைக் கீழே வைக்காமலே திரும்பிவிடலாம்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லையென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். நான் பில், வீடியோ, மைத்துனர் பெட்டியில் அடுக்கும் முன் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். கடைக்காரர் தன் பதிலில், அப்படி ஒரு காட்ரிட்ஜ் மெஷினில் இருக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார். குப்பையில் போட்டதாகச் சொன்னவரும் இவரேதான்.

அந்த வி15-இன் பின்பக்கம், கம்பிகள் செருகும் இடத்துக்கு மேலே, சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு சிறிய புள்ளி இருக்கும்; மைத்துனர் அடையாளத்துக்கு வைத்தது. மூர் மார்க்கெட் பக்கமோ இணையத்திலோ அப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.